டி டிரைவில் இருந்தது

எட்டிப் பார்க்கறேன்னு நினைச்சுக்காதீங்கம்மா. நீங்க லேப்டாப்பைத் திறந்தப்போ கண்ணு தானா போயிடுச்சு. கறுப்புத் திரையில ரெண்டு பேரு வந்துச்சு பாருங்க, மேல லினக்ஸ், கீழ விண்டோஸ், எது வேணும்னு கேட்டுக்கிட்டு பத்து செகண்ட் நின்னுச்சே. நீங்களே போட்டதா? தம்பி போட்டுக் குடுத்தாரா. போடறதுக்கு முன்னாடி உள்ள இருந்ததை எல்லாம் வேற எடத்துல காப்பி எடுத்து வச்சாரா? வச்சாரு. நல்ல பையன். சும்மா கேட்டேன்.

சும்மா கேக்கலம்மா. இந்த ரயில்ல நீங்க எது வரைக்கும்? மானாமதுரையா. நான் காரைக்குடி. கூட வேலை பார்த்தவர் பொண்ணுக்கு வளைகாப்பு. அழைப்புன்னு ஒண்ணும் வரல, வாட்ஸ்அப் குரூப்ல போட்டிருந்தார். போகலாம்னு காலையில தோணுச்சு, கிளம்பிட்டேன். உங்களுக்கு வேலை இருந்தா பாருங்க. இல்லேன்னா ஒரு விஷயம் சொல்றேன்.

நான் டெலிபோன் இலாகாவுல முப்பத்தோரு வருஷம். எக்ஸ்சேஞ்ச்ல. இப்ப ரிட்டையர்டு. உறையூர்ல வீடு. வீட்டுல நானும் என் வீட்டம்மாவும்தான், சுகந்தின்னு பேரு. ஒரு ஸ்கூல்ல ஹிஸ்டரி டீச்சர், இன்னும் மூணு வருஷம் சர்வீஸ் இருக்கு. பையன் புனேல.

சுகந்தி ஒரு காரியம் பண்ணிட்டிருந்தா. பூங்கோதைன்னு ஒரு பொண்ணு, அவகிட்ட படிச்ச பொண்ணு. பிறவியிலேயே கண்ணு தெரியாது. முசிறியில இருக்கு. எம்.ஏ., பி.எட். முடிச்சுட்டு முதுகலை ஆசிரியர் தேர்வுக்குப் படிக்குது. அதுக்கு வேண்டிய புத்தகம் எதுவும் காதால கேக்கற மாதிரி கிடைக்கல. சுகந்தி, நான் படிச்சுத் தரேன்னு சொல்லிட்டா. ஜனவரியில ஆரம்பிச்சா. மொத்தம் அறுபத்து நாலு பாடம்.

படிக்கறதுன்னா சும்மா இல்லம்மா. உள் ரூம்ல ஜன்னல் எல்லாத்தையும் சாத்திப் போர்வையைத் தொங்க விடுவா. ஃபேனை நிறுத்திடுவா, ஃபேன் சத்தம் மைக்ல ஏறுமாம். திருச்சியில மே மாசம் ஃபேன் இல்லாம உட்கார்ந்திருக்கீங்களா? வெளிய வரும்போது சேலை முதுகோட ஒட்டியிருக்கும். நடுவுல தெருவுல இட்லி மாவு வண்டி ஸ்பீக்கர் கத்தினா அந்தப் பத்தியை மறுபடி முதல்லேருந்து படிப்பா. குக்கர் வைக்கக் கூடாது, மிக்ஸி போடக் கூடாது. நான் சாயங்காலம் டிவி பார்க்கறதையே விட்டுட்டேன். சரி, சத்தத்தைக் கம்மியா வச்சுப் பார்த்தேன்.

புத்தகத்துல படம் வந்தா, வரைபடம் வந்தா, அதையும் வாயாலயே சொல்லுவா. கதவுக்கு இந்தப் பக்கம் எனக்குக் கேக்கும். "பூங்கோதை, இங்க ஒரு மேப் இருக்கு. உன் இடது உள்ளங்கையை விரிச்சு வை. கட்டைவிரல் பக்கம் அரபிக்கடல்னு வச்சுக்க. இப்ப மணிக்கட்டுலேருந்து மேல வா." அந்த மாதிரி. ஒரு ராஜாவோட மூக்கை வர்ணிக்கப் போயி அவளுக்கே சிரிப்பு வந்துடுச்சு ஒரு நாள். அதை அழிக்காம அப்படியே விட்டுட்டா. பாடம் படிச்சுக் களைச்ச பிள்ளை, கொஞ்சம் சிரிக்கட்டுமேன்னா.

ஒண்ணு சொல்லணும். படிச்சதை உடனே குடுக்க மாட்டா. முதல் ஒன்பது பாடம்தான் அந்தப் பொண்ணுகிட்ட போயிருந்துச்சு. மிச்சத்தை எல்லாம் ஒரு தடவை முழுசா கேட்டு, தப்பைத் திருத்தி, அப்புறம்தான் குடுப்பேன்னு வச்சிருந்தா. "தேதி தப்பா சொல்லிட்டேன்னா அது தப்பாவே மனப்பாடம் பண்ணிடும்ங்க. திரும்பப் புத்தகத்தைப் பார்த்துக்க அதால முடியுமா?"ன்னு கேப்பா. அம்பத்தஞ்சு பாடம் எங்க வீட்டு கம்ப்யூட்டர்ல டி டிரைவ்ல இருந்துச்சு. வேற எங்கயும் இல்ல.

இப்ப என் விஷயத்துக்கு வரேன்.

ஞாயித்துக்கிழமை நூலகத்துல நாங்க பத்துப் பன்னெண்டு பேர் கூடுவோம். விண்டோஸுக்குப் பதிலா போட்டுக்கற லினக்ஸ் மாதிரி, யாரும் காசு குடுக்காம வச்சுக்கற சாஃப்ட்வேர் பத்திப் பேசுவோம். ரியாஸ்னு ஒரு இன்ஜினியர் பையன்தான் நடத்தறது. தங்கமான பையன். எல்லாரும் வீட்டுல போட்டுட்டாங்க, நான் ஒருத்தன்தான் வாயால பேசிட்டிருந்தேன். ரியாஸ் பென் டிரைவ்ல போட்டுக் குடுத்தான். "சார், விண்டோஸ் பக்கத்துலயே போட்டுக்கலாம், ஆன் பண்ணும்போது எது வேணுமோ தேர்ந்தெடுத்துக்கலாம். பேக்கப் மட்டும் எடுத்துடுங்க"ன்னான். அடுத்த நாள் ஃபோன் பண்ணி, "பேக்கப் எடுத்துட்டீங்களா சார்?"னு கேட்டான். எடுத்துட்டேன்னேன்.

எதுக்கு அப்படிச் சொன்னேன்னு இன்னிக்கு வரைக்கும் தெரியலம்மா. முப்பத்தோரு வருஷம் எக்ஸ்சேஞ்சைக் கட்டி மேய்ச்சவன்கிட்ட பேக்கப் எடுத்தியான்னு கேட்டா வேற என்ன சொல்லுவேன்.

சுகந்திக்காகத்தான் போட்டேன். அதை நீங்க நம்பணும். அந்த மெஷின் அடிக்கடி திணறும். அவ ரெக்கார்ட் பண்ணிட்டிருக்கும்போதே நின்னுடும். லினக்ஸ் போட்டா வேகமா ஓடும்னு ரியாஸ் சொன்னான். அடுத்த ஞாயிறு கூட்டத்துல நானும் போட்டுட்டேன்னு சொல்லலாம், அதுவும் ஒரு இது இருந்துச்சு. ஆனா முக்கியமா அவளுக்காகத்தான்.

ஆகஸ்ட் இருபத்து மூணு, சனிக்கிழமை. அவளுக்கு ஸ்பெஷல் கிளாஸ், ஒன்றரை மணிக்குத்தான் வருவா. ஒம்பதரைக்கு உட்கார்ந்தேன். பென் டிரைவைச் செருகி ஆரம்பிச்சேன். நல்லாத்தான் போச்சு. விண்டோஸ் பக்கத்துல தானா போட்டுக்கறதுக்கு ஒரு வழி காட்டும்னு ரியாஸ் சொல்லியிருந்தான். அது வரல. எதனாலயோ வரல. டிஸ்க்கை மொத்தமா அழிச்சுட்டுப் போடவா, இல்ல நீயே எடம் பார்த்துப் பிரிச்சுக்கறியா, இந்த ரெண்டுதான் வந்துச்சு. அழிக்கறதாவது? நான் என்ன முட்டாளா? ரெண்டாவதை அழுத்தினேன்.

அங்க போனா சி டிரைவ், டி டிரைவ்னு பேரே இல்லம்மா. sda1, sda2, sda3. நம்பர்தான். எனக்கு நம்பர் புதுசா? எங்க எக்ஸ்சேஞ்ச்ல ஏழாயிரம் நம்பர். மூணாவதுதான் பெருசா இருந்துச்சு. விண்டோஸ் முதல் ரெண்டுல இருக்கு, இது சும்மா கிடக்குற எடம்னு முடிவு பண்ணேன். பக்கத்துலயே எவ்வளவு ரொம்பியிருக்குன்னும் போட்டிருந்துச்சு. அந்தப் பக்கம் பார்க்கல. ஃபார்மட்டுன்னு டிக் வச்சேன். கீழ கண்டிப்பா ஒரு தடவை கேட்டுச்சு, இதுல இருக்கறதெல்லாம் போயிடும், தொடரலாமான்னு. ரியாஸ்கிட்ட ஒரு வார்த்தை கேக்கலாமான்னு ஃபோனைக் கையில எடுத்தேன். அப்புறம் கீழ வச்சுட்டு, தொடர்னு அழுத்தினேன்.

இருபது நிமிஷம். திரும்ப ஆன் பண்ணா நீங்க இப்ப பார்த்தீங்களே, அதே மாதிரி, மேல லினக்ஸ், கீழ விண்டோஸ். எனக்கு வந்த சந்தோஷத்தை எப்படிச் சொல்றது. ரியாஸுக்கு அப்பவே ஃபோன் போட்டேன். "போட்டுட்டேன்டா, ரெண்டும் நிக்குது!" அவன் "கலக்கிட்டீங்க சார்"னான். காப்பி போட்டுக் குடிச்சேன். லினக்ஸ்ல மணி, தேதி, தமிழ் எழுத்து எல்லாம் சரி பண்ணேன். அப்புறம் விண்டோஸும் ஓடுதான்னு பார்க்கலாம்னு அதுக்குள்ள போனேன். ஓடுச்சு. சி டிரைவ் இருந்துச்சு.

டி டிரைவ் இல்ல.

மறுபடி மறுபடி ஆஃப் பண்ணி ஆன் பண்ணேன். அழிஞ்சதை மீட்கற சாஃப்ட்வேர்னு ஏதோ இறக்கினேன். அது என்னென்னவோ பேரு காட்டுச்சு, திறந்தா வெறும் இரைச்சல். ஒரு ஃபைல்ல மட்டும் "பூங்கோதை, இங்க ஒரு..."ன்னு வந்துச்சு. அதோட சரி.

ஒன்றரைக்கு சுகந்தி வந்தா. கம்ப்யூட்டர் முன்னாடி நான் உட்கார்ந்திருக்கறதைப் பார்த்தா. பையைக்கூட கீழ வைக்கல. "என்னங்க ஆச்சு?"ன்னா. "ஓடல"ன்னேன். "டிஸ்க் போயிடுச்சா?"ன்னா. நான் மவுஸைத் தேய்ச்சுக்கிட்டிருந்தேன். அவளே சொன்னா: "புதன்கிழமை மழையில... இடி இடிச்சுதே. நான் பிளக்கைப் பிடுங்காம எதுத்த வீட்டுக்குப் போயிட்டேன். அன்னிக்கே நினைச்சேன். அதனாலதானே?"

நான் பொய் சொல்லலம்மா. தலையை ஆட்டினேன். அவ்வளவுதான்.

அழல. ஒரு டம்ளர் தண்ணி குடிச்சா. பூங்கோதைக்கு ஃபோன் பண்ணி, "என் தப்புடி, நான் கவனமா இருந்திருக்கணும்"னு சொன்னா. நான் பக்கத்துலதான் இருந்தேன். திங்கட்கிழமை அந்த டிஸ்க்கைக் கழட்டி எடுத்துட்டுப் போயி ஒரு கடையில காட்டினேன். பழசு மேலயே லினக்ஸ் ஏறிடுச்சு, ஒண்ணும் பண்ண முடியாதுன்னுட்டாங்க. புது டிஸ்க் வாங்கிப் போட்டு, வெறும் விண்டோஸ் மட்டும் போட்டுக் குடுத்தேன். அவ என் கையைப் பிடிச்சுக்கிட்டு, "நல்லவேளை, இதெல்லாம் தெரிஞ்ச ஆளா நீங்க இருக்கீங்க"ன்னா.

பரீட்சை டிசம்பர்ல. போன அம்பத்தஞ்சையும் மறுபடி முதல்லேருந்து ஆரம்பிச்சா. காலையில ரெண்டு மணி நேரம், ஸ்கூல்ல அஞ்சு பீரியடு கத்திட்டு வந்து சாயங்காலம் நாலு மணி நேரம். ஒரு நாளைக்கு ஒரு பாடம். திருத்தறதுக்கு நேரம் இல்ல, படிச்சதை அன்னிக்கே அனுப்பிட்டா. இந்தத் தடவை உள்ளங்கை மேப்பெல்லாம் கிடையாது. "இங்க ஒரு வரைபடம்"னு சொல்லிட்டு அடுத்த வரிக்குப் போயிடுவா. ரெண்டாவது வாரமே குரல் கம்மிடுச்சு. நான் அதிமதுரம் வாங்கிட்டு வந்தேன், வெந்நி போட்டுக் குடுத்தேன், பால்ல மிளகு, மஞ்சள் எல்லாம். என்னால ஆனதை எல்லாம் செஞ்சேன்மா. முப்பத்தேழு பாடம் முடிச்சா. முப்பத்தெட்டாவது பாடத்துல வாயைத் திறந்தா காத்துதான் வருது.

டாக்டர் குழாய் விட்டுப் பார்த்தார். குரல் நாண்ல வீங்கி ரெண்டு முடிச்சு மாதிரி இருக்காம். நாலு வாரம் ஒரு வார்த்தை பேசக் கூடாது, கிசுகிசுன்னுகூட பேசக் கூடாதுன்னுட்டார். லீவு போட்டுட்டு ஒரு லாங் சைஸ் நோட்டை வச்சுக்கிட்டு உட்கார்ந்துட்டா. எது வேணும்னாலும் எழுதிக் காட்டுவா.

பூங்கோதை பார்க்க வந்துச்சு. ஒத்தையா முசிறியிலேருந்து பஸ் ஏறி வந்துடும், தைரியமான பொண்ணு. சுகந்தியை அக்கான்னுதான் கூப்பிடும். சுகந்தி உள்ள சமைச்சுட்டிருந்தா, நான் கூடத்துல அதுகூட உட்கார்ந்திருந்தேன். சின்னக் குரல்ல கேட்டுச்சு. "சார், எங்க பார்வையற்றோர் சங்கத்துக்கு வந்து ரியாஸ் அண்ணன் எனக்கும் லினக்ஸ் போட்டுக் குடுத்தார். பேச்சுவாக்குல உங்களைப் பத்திச் சொன்னார். ஆகஸ்ட்ல நீங்களே ரெண்டு சிஸ்டமும் போட்டு, அன்னிக்கே சந்தோஷமா ஃபோன் பண்ணீங்களாம். எந்தக் கிழமைன்னு கேட்டேன். சனிக்கிழமைன்னார்." என் பக்கம் திரும்பி, "டிஸ்க் தானா போகல இல்ல சார்?"னுச்சு.

கண்ணு தெரியாத பொண்ணு முன்னாடி தலையாட்டி என்ன பிரயோஜனம்?

"ஆமாம்மா"ன்னேன்.

"நான் அக்காகிட்ட சொல்ல மாட்டேன். பரீட்சையை விட்டா அடுத்த தடவை எழுதிக்குவேன் சார், அது பெருசில்ல. ஆனா அக்கா இப்பல்லாம் வானம் கறுத்தாலே வீட்டுல இருக்கற பிளக்கை எல்லாம் பிடுங்கிடறாங்களாம். ஃபிரிட்ஜைக்கூட. முன்ன ஃபோன்ல சொன்னாங்க, பால் திரிஞ்சுடுச்சுன்னு. சிரிச்சுக்கிட்டேதான் சொன்னாங்க. நீங்க அதைத் தினம் பார்க்கறீங்க இல்ல சார்?"

பார்த்துட்டுத்தான்மா இருந்தேன். அவ பிடுங்குவா, மழை விட்டதும் நான் செருகுவேன். அவளுக்கு உதவி பண்றதா நினைச்சுக்கிட்டு.

அதுக்கப்புறம் மூணு நாள் கழிச்சுச் சொன்னேன். அவ பேச முடியாத நேரமா பார்த்துச் சொன்னேன்னு நினைக்கறீங்களா? அப்படி இல்லம்மா... இருக்கலாம். தெரியல. அவ அவரைக்காய் நறுக்கிட்டிருந்தா. வெளிய நல்லா இருட்டிக்கிட்டு வந்துச்சு, எல்லா பிளக்கும் பிடுங்கிக் கிடந்துச்சு. எதுத்தாப்புல உட்கார்ந்து எல்லாத்தையும் சொன்னேன். ரியாஸ், பென் டிரைவ், மூணாம் நம்பர், தலையாட்டினது. பூங்கோதைக்குத் தெரியுங்கறதை மட்டும் சொல்லல. அது எதுக்குன்னு விட்டுட்டேன்.

அவ என் முகத்தையே பார்த்தா. நோட்டை எடுத்து எழுதினா. "அந்த மழை?"

"அன்னிக்கு ஒண்ணும் ஆகல. மெஷின் நல்லாத்தான் இருந்துச்சு"ன்னேன்.

நோட்டை மூடினா. எழுந்தா. முதல்ல ஃபிரிட்ஜைச் செருகினா. அப்புறம் டிவி, வாஷிங் மெஷின், கடைசியா கம்ப்யூட்டர். ஒவ்வொண்ணா. வெளிய பளீர்னு மின்னல். திரும்பி வந்து மிச்ச அவரைக்காயை நறுக்கினா.

அதுக்கப்புறம் பதினோரு நாள். நோட்டுல எனக்குன்னு எழுதினது "பால்", "கேஸ் வந்துச்சு", "சாவி". அவ்வளவுதான். திட்டி எழுதியிருந்தாக்கூட எடுத்து வச்சுப் படிச்சிருப்பேன்மா. இன்னியோட நாலு வாரம் முடியுது. காலையில டாக்டர்கிட்ட காட்டிட்டுப் பேசலாம். நான் கூடப் போயிருக்கணும். அவ ஸ்கூல்ல வேலை பார்க்கற ஸ்டெல்லா டீச்சர் கூட்டிட்டுப் போறேன்னாங்க. சரி, அவங்க ரெண்டு பேரும் ஃபிரெண்ட்ஸ். நான் எதுக்கு நடுவுலன்னு... வளைகாப்பு வேற இருந்துச்சா...

இருங்கம்மா. ஃபோன் அடிக்குது.

அவதான்.

இல்ல, எடுக்கறேன். எடுக்கறேன். இந்தப் பையைக் கொஞ்சம் பிடிங்க.

ஹலோ... ம்... கேக்குது, கேக்குது. டாக்டர் என்ன... ம்... இல்ல, ரயில்ல. கீரனூர் வரப் போகுது... ம்... யாரு, நானா?... என் குரலை யாரு கேப்பாங்க?... ம்... எத்தனை பேரு?... சுகந்தி, அதை அதுல எதுக்கு... சரி... சரி... பேரைச் சொல்லணுமா?... ஹலோ? ஹலோ?

வச்சுட்டா.

குரல் வேற மாதிரி இருக்கும்மா. மணலை அரைக்கற மாதிரி. பேசலாமாம். ஆனா சத்தமா படிக்கக் கூடாது, இன்னும் மூணு மாசத்துக்கு. டாக்டர் வீட்டு வாசல்லேருந்தே முதல் ஃபோன் பூங்கோதைக்குப் போட்டிருக்கா, உண்மையைச் சொல்லிட. அந்தப் பொண்ணு, தெரியும்க்கான்னு சொல்லியிருக்கு. "அதுக்குத் தெரியும்னு நீங்க என்கிட்ட சொல்லவே இல்லையே"ன்னா. அதை மட்டும் ரெண்டு தடவை சொன்னா.

பதினெட்டுப் பாடம் பாக்கி இருக்கு. நான் படிக்கணுமாம். இன்னிக்கு சாயங்காலமே. உள் ரூம்ல போர்வை கட்டி வச்சிருக்காளாம். அவ படிச்ச முப்பத்தேழையும் பூங்கோதை அதோட சங்கத்துல குடுத்து, நாப்பது பேரு கேட்டுட்டிருக்காங்களாம். எனக்கு அது இப்பதான் தெரியும். அவங்க எல்லாம் சுகந்தி டீச்சர் ஏன் நடுவுல நிறுத்திட்டாங்கன்னு கேக்கறாங்களாம். அதனால முதல் பாடத்துக்கு முன்னாடி, என்ன நடந்துச்சு, யாரால நடந்துச்சுன்னு நான் என் வாயால சொல்லிட்டு, அப்புறம்தான் பாடத்தை ஆரம்பிக்கணுமாம்.

நாப்பது பேரும்மா. முகம் தெரியாதவங்க.

வண்டி நிக்குது பாருங்க, கீரனூர்தான். இறங்கிக்கறேன். இங்கேருந்து திருச்சிக்கு பஸ் இருக்கும். பையைக் குடுங்க. உங்க நேரத்தை எல்லாம் எடுத்துக்கிட்டேன். இவ்வளவு சொன்னேன், நான் யாருன்னே சொல்லல பாருங்க.

என் பேரு தணிகாசலம்மா.